சிலிண்டருக்குச் சட்டை போட்ட ஐஸ் அண்ணை

ஆதாம் ஏவாள் காலம் தொட்டு இன்றுவரை, ஆவணி மாதத்தில் மன்னார்த் தீவில் கம்பளித் தொப்பியோடு நடமாடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஐஸ் அண்ணை. பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

ஆவணி என்றால் இங்கே எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சோளகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுக் கோப்பையில் போடும். கிணறு அடி காட்டும். தலைமன்னார் வீதியில் திரிகிற கழுதைகள் மின்கம்பத்தின் நிழலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். அந்த வெயிலில், காது இரண்டையும் மூடிப் புருவம் வரைக்கும் இறங்கிய மண்ணிறத் தொப்பியோடு ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்களுக்கு மயக்கம் வருமா, வராதா? எனக்கு வந்தது.

பேசாலைப் பக்கம் ஒரு மீன் கம்பனியின் கந்தோரில் நான் கணக்கெழுதும் லிகிதராக இருந்தேன். என் கதிரைக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் அறை. ஐஸ் உடைத்து மீன் லொறிகளுக்குப் போடுகிறவர்தான் அண்ணை. அவருடைய ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்தில் இருக்கலாம். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லொறி நம்பர் எழுதிய கடதாசித் துண்டைக் கொடுக்க ஐஸ் அறைக்குள் போனேன். உள்ளே ஒரே பனிப்புகை. அதற்குள் ஒரு பெரிய உருவம், மீன் அடுக்குகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மேல் குந்தியிருந்தது. ஆறடி உயரம். ஆட்டுக்கடாக் கொம்பு போல் முறுக்கிய மீசை. மடியில் ஊதா நிறக் கம்பளி நூல். ஒரு கொக்கி ஊசியை உள்ளே விட்டு இழுத்து, விட்டு இழுத்து, விரல்கள் என்ன வேகமாகப் போகின்றன! என் கையிலிருந்த துண்டு நழுவி ஈரத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"கேத்திலுக்குக் கோட் பின்னுறன் தங்கச்சி. இந்தக் குளிருக்குத் தேத்தண்ணி சுறுக்கா ஆறிப்போகுது."

"ஆம்பிளையள் கம்பளி பின்னுறதோ?"

அவர் ஊசியை நிறுத்தவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. "உங்கட வீட்டில வலை பின்னினது ஆர்? அம்மாவோ?"

நான் குனிந்து துண்டைப் பொறுக்கினேன். எங்கள் அப்பா சோளகம் முழுக்க வலை ஊசியைக் கீழே வைத்ததில்லை.

அண்ணையும் வலை பின்னுகிற குடும்பம்தான். வள்ளத்துக்கும் இறங்குதுறைக் கட்டுக்கும் நடுவில் கால் அகப்பட்டு நசுங்கிய பிறகு கடல் தொழிலை விட்டுக் கரைக்கு வந்தவர். சோளக காலத்தில் தலைமன்னாருக்கு வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருவார்களே, அப்படி வந்த ஒரு பெண் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பையை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குள் நிறம் நிறமாக, தேங்காய் அளவில் எட்டுப் பந்து கம்பளியும் ஒரு கொக்கி ஊசியும். வேறு யாராவது என்றால் பையை வைத்துக்கொண்டு நூலை எறிந்திருப்பார்கள். இவர் நூலை வைத்துக்கொண்டு பையை எறிந்தார்.

படித்தது கைத்தொலைபேசியில். எந்த நாட்டு மனுசி என்று தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி அதில் மெல்ல மெல்லப் பின்னிக் காட்டுவாள். அவள் பேசுகிற மொழியில் இவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்கினாலும் ஐஸ் உடைக்கிற மெசினின் சத்தத்தில் கேட்காது. ஆனாலும் மரியாதையாக "ஓம் ரீச்சர், சரி ரீச்சர்" என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் கிழவி திரைக்குள் தும்மினாள். "ஆயுசு நூறு ரீச்சர்!" என்றார் இவர், கையைக் கூப்பி. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

ஆவணியில் தென்கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் பாதி கரையில் கிடக்கும், பாதி வடகரைக்குப் போய்விடும். ஐஸுக்குத் தேவை குறைவு. காலையில் இரண்டு லொறிக்கு உடைத்துப் போட்டுவிட்டால் அண்ணைக்கு வேலை முடிந்தது. ஒன்பது மணிக்குப் பெட்டியில் ஏறினால் மத்தியானம் வரை பின்னல். பத்து மணித் தேத்தண்ணிக்கு மட்டும் ஊசியைக் காதோரம் தொப்பிக்குள் செருகிக்கொண்டு வெளியே வருவார், தச்சன் பென்சில் செருகுவது போல. அவர் வெளியே வந்தாலே நான் முதலில் பார்ப்பது அவர் கையைத்தான். அன்றைக்கு எதற்குச் சட்டை வந்திருக்கிறதோ!

கேத்திலுக்குக் கோட் வந்தது. கந்தோர்க் கதிரைக் கால்கள் நான்குக்கும் சிவப்புச் சப்பாத்து வந்தது. தராசுக் கொக்கிக்கு உறை, பூட்டுக்கு உறை, முதலாளியின் குடைக்கு உறை. எல்லாமே அளவுக்கு மிஞ்சிப் பெரிது. கேத்தில் கோட்டுக்குள் கேத்திலைத் தேட வேண்டும். கதிரைகள் சப்பாத்துத் தடுக்கி விழுந்தன. மனுசனுக்குக் கை தாராளம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆர் வேண்டாம் என்றாலும் அவருக்குக் கோபம் வராது. "சரி, குளிர் வந்தால் சொல்லுங்கோ" என்பார். மன்னாரில் எப்போது ஐயா குளிர் வந்தது?

ஒரு நாள் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நேரே குசினிக்குள் போனார். காஸ் சிலிண்டருக்கு ஒரு பச்சைச் சட்டையை மாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். சட்டையா அது? கழுத்தில் தொடங்கி நிலத்தில் இழுபட்டு, பாவாடை போலச் சுருக்குச் சுருக்காக விழுந்து, என் குசினி மூலையில் யாரோ முதல் நன்மை வாங்கக் கோயிலுக்குப் போகிற பிள்ளை நிற்கிற மாதிரி இருந்தது.

"ஐயோ அண்ணை, நெருப்புப் புழங்கிற இடத்தில கம்பளியோ! உங்களுக்கு விசரே?"

"அடுப்பு அங்கால எல்லோ இருக்கு. இது பாவம், வெறும் மேலோட நிக்குது."

அவர் போன பிறகு கழற்றி எறிவது என்று முடிவு செய்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று அது அங்கேயே நின்றது.

மாதா கோயில் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். சோளகக் காற்று மைக்குக்குள் புகுந்து இரைகிறது என்று சுவாமியார் யாரிடமோ குறைபட்டிருக்கிறார். அது அண்ணையின் காதில் விழுந்துவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போய்ப் பார்த்தால் மைக்கைக் காணவில்லை. பீடத்தில் ஒரு மஞ்சள் கம்பளித் தலையணை நிற்கிறது. சுவாமியார் அதற்குள் பிரசங்கம் வைத்தார். கிணற்றுக்குள் இருந்து ஆரோ கூப்பிடுவது போலக் கேட்டது. காற்று இரைச்சல் மட்டும் இல்லை, வேறு ஒன்றுமே கேட்கவில்லை. பிரசங்கம் முடிந்ததே தெரியாமல் பாதிச் சனம் நித்திரை. அன்றைக்குப் போல நிம்மதியான பூசை அந்த வருடத்தில் நடக்கவில்லை என்று பலர் சொன்னார்கள்.

கழுதைக்கும் ஒரு தொப்பி பின்னினார். கம்பனி வாசலில் நிற்கும் நொண்டிக் கழுதை அது. இவரும் நொண்டி, அதுவும் நொண்டி, அதனால் ஒரு சிநேகம். இரண்டு காதுக்கும் ஓட்டை விட்டுச் சிவப்பு நூலில் பின்னிப் போட்டுவிட்டார். லொறிக்காரருக்குத் தூரத்திலேயே தெரியும், அடிக்க மாட்டார்கள் என்றார். தொப்பி அதன் மூக்கு வரை இறங்கி நின்றது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? விளிம்பைச் சப்பத் தொடங்கியது. "ருசி பாக்குது" என்று அண்ணை சந்தோசப்பட்டார்.

இத்தனையும் கண்ட பிறகும் நான் போய் அவரிடமே ஒரு வேலை கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

என் மகள் ஜெனி நோர்வேயில் இருக்கிறாள். ஐப்பசியில் அவளுக்குத் தலைப்பிள்ளை. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையா? இரண்டு தடவை விசாவுக்குக் கொடுத்தேன், இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். பிறகு ஒரு யோசனை வந்தது. நான் போகாவிட்டால் என்ன, என் ஊரில் பின்னிய ஒரு போர்வை போகட்டும். பிள்ளையை முதலில் சுற்றுவது அதுவாக இருக்கட்டும். நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சாள் றீற்றா ஆவணிக் கடைசியில் திரும்புகிறாள். வரும்போது ஜெனி கொடுத்துவிட்ட வெள்ளைக் கம்பளி பன்னிரண்டு பந்து கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பின்னத் தெரியாது. தீவில் தெரிந்த ஆள் ஒருவர்தான்.

ஐஸ் அறைக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். அண்ணை பின்னலைக் கீழே வைத்தார். அவர் கீழே வைத்து அன்றுதான் பார்த்தேன்.

"உண்மையாத்தான் கேக்கிறியளோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"எல்லாரும் வேண்டாம் வேண்டாமெண்டுதான் சொல்லுவினம். வாய் திறந்து கேட்டது நீங்கள்தான் முதல் ஆள்."

இரண்டரை அடிச் சதுரம் என்றேன். பெட்டி மூடியில் கரித்துண்டால் எழுதிக்கொண்டார். முடியும் வரை எட்டிப் பார்க்கக்கூடாது என்று கட்டளை.

பத்து நாளில் வெள்ளை நூல் முடிந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று வந்து நின்றார். பன்னிரண்டு பந்து தாராளமாகக் காணும், மிஞ்சவும் செய்யும் என்று ஜெனி சொன்னாளே! மன்னார்க் கடைகளில் ஆவணியில் கம்பளி கேட்டேன். கடைக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. பக்கத்துத் தாராபுரத்தில் தையல்கடை வைத்திருக்கிற நானாவிடமும் இல்லை. "அப்ப எப்பிடி அண்ணை?" என்றேன். "நீங்கள் யோசிக்காதேங்கோ, நான் பாக்கிறன்" என்றார்.

அடுத்த நாள் முதல் கந்தோர்ச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெறும் மேலாகத் தொடங்கின. கேத்தில் கோட்டைக் காணோம். கதிரைகள் சப்பாத்தில்லாமல் நின்றன. ஞாயிறு பூசையில் மைக் பளிச்சென்று நின்றது, சுவாமியார் ஒன்றரை மணித்தியாலம் பிரசங்கம் வைத்தார். ஒரு மத்தியானம் வெளியே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், தொப்பியோடு கழுதை முன்னால் ஓடுகிறது, நொண்டி நொண்டி அண்ணை பின்னால் ஓடுகிறார். தலைமன்னார் பஸ் பிரேக் அடித்து நிற்கிறது. சனம் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறது. "நில்லடா, ஒரு அலுவலுக்குக் கேக்கிறன்!" என்று கழுதையிடம் கெஞ்சிக்கொண்டு ஓடிய ஆளை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப்போவதில்லை.

றீற்றா புறப்படுகிறதற்கு முதல் நாள் பின்னேரம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணை இறங்கினார். தோளில், பாய்க்கட்டுப் போல ஒரு உருளை. விறாந்தையில் போட்டு விரித்தார். விரித்தார், விரித்தார், விரித்துக்கொண்டே போனார். அலுமாரியில் தொடங்கி வாசற்படி வரை வந்துவிட்டது. கதிரையில் இருந்த றீற்றா காலைத் தூக்கிக்கொண்டாள்.

"மாதாவே!" என்று நான் போட்ட சத்தத்துக்கு முன்வீட்டு நாய் குரைத்தது. "இது பிள்ளைக்கோ, வள்ளத்துக்கோ?"

அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. "நீங்கள் சொன்ன அளவுதானே தங்கச்சி. அம்பது முழ வலை வேணுமெண்டால் நூறு முழம் பின்னோணும். கயிறில கட்டேக்க பாதியாச் சுருங்குமெல்லோ. அதுதான் எப்பவும் போல ரெண்டு மடங்கு."

"அண்ணை, இதை எந்தக் கயிறில கட்டப் போறியள்?"

அவர் என்னைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். புருவம் வரை இறங்கிய தொப்பி, கேத்தில் கோட்டு, சிலிண்டர் பாவாடை, தலையணை மைக், எல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் எனக்கும் விளங்கியது, அவருக்கும் விளங்கியது. இவ்வளவு காலமும் மனுசன் எல்லாவற்றையும் வலை அளவில் பின்னிக்கொண்டு இருந்திருக்கிறார்! அப்படியே படியில் குந்திவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கு நிற்கவில்லை. "உங்களை நம்பினனே அண்ணை! ஒரே ஒரு சாமான் அனுப்பக் கேட்டன். நான் போகேலாமல் கிடக்கிறன். அதுவும் போகாமல் பண்ணிப்போட்டியளே!"

றீற்றா தன் கைத்தராசைக் கொண்டுவந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கென்று அவள் ஒதுக்கியிருந்தது மூன்று கிலோ. போர்வை மட்டும் அதற்கு ஒரு பிடி குறைவு. பக்கத்தில் ஜெனிக்கென்று கட்டி வைத்த சீலாக் கருவாடு, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, மிளகாய்த்தூள். பிள்ளைத்தாச்சி வாய் ஊறிக் கேட்ட கருவாடு அது.

"தங்கச்சி, அழாதேங்கோ," என்றார் அண்ணை மெல்ல. "நடுவில இருந்து சுத்திச் சுத்திப் பின்னினது. இழுத்தால் ஒரு மணித்தியாலத்தில அவிழும். வெள்ளை மட்டும் நிக்கும். நீங்கள் கேட்ட அளவு அதுதான்."

பார்த்தேன். உண்மைதான். நடுவில் இரண்டரை அடிச் சதுரம், பால் போல வெள்ளை. அதைச் சுற்றித்தான் அவருடைய சொத்து முழுக்க: கேத்திலின் ஊதா, மைக்கின் மஞ்சள், கதிரைகளின் சிவப்பு, பாதி சப்பிய கழுதைத் தொப்பியின் சிவப்பு.

அவர் குனிந்து நூல் முனையைத் தேடி எடுத்தார். கடைசி வரிசை மண்ணிறம். அப்போதுதான் அவர் தலையைப் பார்த்தேன். வெறுந்தலை. இத்தனை காலத்தில் அந்தத் தலையை நான் கண்டதே இல்லை. முன்பக்கம் முழுக்க வழுக்கை, தொப்பி இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்து, பச்சைப்பிள்ளையின் தலை மாதிரி இருந்தது. அவர் நூலை இழுத்தார். மண்ணிற வரிசை சரசரவென்று ஒரு முழம் அவிழ்ந்தது.

"விடுங்கோ அண்ணை!"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"விடுங்கோ எண்டுறன். அவிழ்த்ததைத் திருப்பிப் பின்னுங்கோ. இது இப்பிடியேதான் போகுது."

கருவாட்டை எடுத்து வெளியே வைத்தேன். ஒடியல் மாவையும் வைத்தேன். மிளகாய்த்தூளையும் வைத்தேன். "மச்சாள், உங்களுக்கும் விசர் பிடிச்சிட்டுதோ?" என்றாள் றீற்றா. பிடித்திருக்கலாம். அண்ணை படியில் இருந்தபடியே, காதில் இருந்த ஊசியை எடுத்து, அந்த ஒரு முழத்தைத் திருப்பிப் பின்னி முடித்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்காமல் எழும்பிவிட்டார்.

"என்ர சிலிண்டர்ச் சட்டையையும் கேட்டிருக்கலாமே அண்ணை?" என்று படலையடியில் கேட்டேன்.

"குடுத்த சாமானை ஆரும் திருப்பிக் கேப்பினமோ?" என்றார், கழுதையிடம் கெஞ்சிக்கொண்டு ஓடிய அதே மனுசன்.

பொதியைத் திறந்த அன்றைக்கு ஜெனி எடுத்த எடுப்பில் கேட்டது, "அம்மா, கருவாடு எங்க?" எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. பிறகு ஐப்பசியில் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த நாள் வீடியோவில் வந்தாள். யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. கட்டிலில் அவள் படுத்திருக்கிறாள். வெள்ளைச் சதுரத்தில், அச்சொட்டாக அதற்குள், பேரப்பிள்ளை. ஊதாவும் மஞ்சளும் ஜெனியைச் சுற்றியிருந்தன. கழுதைச் சிவப்பைக் காலில் இழுத்துப் போட்டுக்கொண்டு மருமகன் நித்திரை.

"அம்மா, மூண்டு பேருக்கும் காணுது," என்றாள் ஜெனி. "நீங்களும் வந்திருந்தால் உங்களுக்கும் காணும்."

நான் விம்மி விம்மி அழுதேன். தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஐஸ் அறைக்கு ஓடினேன். அண்ணை ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். மீசை துடித்தது.

"நான் சொன்னனானெல்லோ தங்கச்சி," என்றார் கடைசியில். "ஆக்கள் ஏறினவுடன சுருங்கிட்டுது பாருங்கோ."

இப்போது நான் அந்தக் கந்தோரில் இல்லை. மன்னார் ரவுணுக்கு வீடு மாறி வந்துவிட்டேன். போன கிழமை காஸ் கொண்டுவந்தவர் குசினி மூலையைப் பார்த்து விறைத்துப்போய் நின்றார். "என்ன மிஸ் இது, சிலிண்டருக்குச் சட்டையோ? இந்த வெக்கைக்குள்ளயோ?" என்று கேட்டார். பழைய சிலிண்டரின் சட்டையைக் கழற்றி, உதறி, புதியதற்குப் போட்டு, பாவாடைச் சுருக்கைக் கையால் நீவிவிட்ட பிறகுதான் அவரைப் போக விட்டேன்.